நேரமில்லாதவர்களின் ஐக்கியம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை. வேலைக்கு வந்த வாலிபர்கள் சேர்ந்து ஒரு ஜெப ஐக்கியம் நடத்துகிறோம். தொடங்கும்போது இருபத்தைந்து பேர் இருந்தோம். இப்போது ஷிப்ட், டிராஃபிக், ஆன்சைட் என்று ஆளுக்கொரு காரணம். கல்யாணமான சகோதரிகள் அடியோடு நின்றுவிட்டார்கள். ஒரு தம்பி வேலை போனதும் குரூப்பிலிருந்தே வெளியேறிவிட்டான். வெள்ளி இரவு ஜூமில் ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம். வருகையை எக்செல்லில் பதிந்து, வராதவர்களுக்கு ஃபாலோஅப் மெசேஜ் அனுப்புகிறேன். சபைப் போதகர் ஐயரும் எங்களை ஊக்கப்படுத்துவதில்லை. யாருக்கும் நேரம் இல்லாத இந்தக் காலத்தில் எப்படித் தொடர்பில் இருப்பது? ஜூமை விட்டு கூகுள் மீட்டுக்கு மாறலாமா? நல்ல பாடத்திட்டம் ஏதாவது சொல்வீர்களா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

‘யாருக்கும் நேரம் இல்லாத இந்தக் காலத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக இருக்கிறது. வேலைக்குப் போகிறவனுக்கு எந்தக் காலத்தில் நேரம் இருந்தது?

ரோம சாம்ராஜ்யத்தில் ஞாயிறு ஓய்வுநாள் ஆனதே 321இல், கான்ஸ்டன்டைன் ஆணை போட்ட பிறகு. அதுவரை ஏறக்குறைய முந்நூறு வருஷம் ஞாயிறும் வேலைநாள்தான். 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது: இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், கலைந்து போகிறார்கள், அப்புறம் சாப்பிட மறுபடி கூடுகிறார்கள். துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே ஐத்திகு, அவனைப் பிரசங்கத்தில் தூங்குகிறவர்களுக்கு எச்சரிக்கையாகக் காட்டுவார்கள். எனக்கு அவன்மேல் பிரியம். பகலெல்லாம் எங்கேயோ உழைத்துவிட்டு வந்த பையனாகத்தான் இருக்க வேண்டும். தூங்கினாலும் வந்தானே! பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். மேலே வந்து அப்பம் பிட்டுச் சாப்பிட்டார், விடியும்வரை பேசினார். ஃபாலோஅப் மெசேஜ் அனுப்பவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1844 ஜூன் 6 அன்று லண்டனில் ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. வயது 22. கடையில் வேலை, கடைக்கு மேலேயே படுக்கை. தி.நகரில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டும் நம் தென்மாவட்டப் பிள்ளைகள் படும் அதே பாடு. பன்னிரண்டு பேர் சேர்ந்து தொடங்கினார்கள், அவ்வளவுதான். 1890இல் அது மெட்ராஸுக்கு வந்தது. பிற்பாடு பிஷப்பான நம் வெள்ளாளன்விளை அசரியா, வாலிபத்தில் ஒய்எம்சிஏ செயலாளராக இருந்தவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில் அத்தனை மிஷனரிகளுக்கும் முன்னால் நின்று அவர் கேட்டது என்ன தெரியுமா? எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். நீங்கள் பாடத்திட்டம் கேட்கிறீர்கள்.

எண்பதுகளில் நான் சென்னைக்கு வேலைக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் கிடந்தேன். பெரம்பூர் ஐசிஎஃப் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர், சில வாரம் பதினைந்து பேர், அங்கேதான் போவோம். அந்த வீட்டு அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். அதற்குத் தக்கபடி உலையில் அரிசி விழும். தேங்காய் துருவுவது என் வேலை. சாப்பிட்டு முடித்து ஒரு அதிகாரம் வாசிப்போம், ஒரு கீர்த்தனை பாடுவோம், பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிடுவோம். பாடத்திட்டம் என்றால் இதுதான் இருந்தது.

ஒரு ஞாயிறு என் செருப்பு இல்லை. அன்று சாயங்காலமே அண்ணாச்சி மேன்ஷன் படியேறி வந்துவிட்டார், கையில் கஞ்சித் தூக்குவாளியோடு. என் கண்ணைப் பார்த்தார், மஞ்சளாக இருந்தது. “கிளம்புல” என்றார். காமாலை இறங்கும்வரை அவர்கள் வீட்டில்தான் கிடந்தேன். ஜெபமா? பண்ணினார், ஆட்டோவில் போகும்போது.

அக்கா செருப்பை எண்ணியதும் கணக்குதான், நீங்கள் எக்செல்லில் போடுவதும் கணக்குதான். உங்கள் கணக்கு எதற்கு, தம்பி? வேலை போன அந்தப் பையனை டிராஃபிக்கோடும் ஆன்சைட்டோடும் சேர்த்து ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். படித்ததும் சுருக்கென்றது. அவன் இப்போது எங்கே தங்கியிருக்கிறான்? பிஜி வாடகை கட்டினானா? ஊரில் அம்மாவிடம் சொன்னானா, இல்லை மாதாமாதம் கடன் வாங்கிப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறானா? அவனுக்கும் மெசேஜ்தான் போனதா? புரமோஷனுக்கு ஸ்தோத்திரம், புதுக் காருக்கு ஸ்தோத்திரம், விசா வந்ததற்கு ஸ்தோத்திரம் என்று வரிசையாகச் சாட்சி வந்து விழும் குரூப்பில் அவன் என்ன எழுதுவான்? ஜெபக்குறிப்பு என்று போட்டால் நாற்பது ஆமென் வரும், ஆள் ஒருவர் வரமாட்டார். வெளியேறியது அவன் குற்றம் இல்லை. இந்தச் சனிக்கிழமை பரோட்டா பார்சலோடு அவன் அறைக்குப் போங்கள். ஒருவர் மட்டும் போங்கள். கூட்டமாகப் போய் அவனைக் கூனிக்குறுக வைக்காதீர்கள். வேதபாடம் எடுக்காதீர்கள். வேலையைப் பற்றி அவனாகப் பேசினால் கேளுங்கள், இல்லையென்றால் கிரிக்கெட் பேசுங்கள்.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. உங்கள் ஆட்களில் யார் யார் வீட்டில் இதுவரை கை நனைத்ததில்லை என்று யோசித்துப் பாருங்கள். 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன், தன்னிடம் வேலை பார்த்த உபதேசியார்களைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னபோது, சாதி பார்த்து உட்கார மறுத்தவர்கள் பலர். வேலையே போனாலும் பரவாயில்லை என்று போனார்கள். அந்த நோய் ஓஎம்ஆருக்கும் பஸ் ஏறி வந்திருக்கிறது. இப்போது அதற்கு நேரமில்லை என்று பேர் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. பெரம்பூர் அக்கா எந்த ஊர், யார் மகன் என்று விசாரிக்காதவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்துவிட்டு அதைக் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டுவிட்டு எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்.

சகோதரிகள் நின்றுவிட்டார்களாம். இராத்திரி ஒன்பது மணிக்கு, பிள்ளையைத் தூங்கவைக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்? புருஷனையும் பிள்ளையையும் சேர்த்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டீர்களா? சமையலை அவர்கள் தலையிலேயே கட்டிவிடாதீர்கள், தேங்காய் துருவ உங்களுக்கும் கை இருக்கிறது. ஐயர் ஊக்கப்படுத்தவில்லை என்கிற புகாரை விடுங்கள். அவருக்கு அடக்க ஆராதனைக்கும் கமிட்டிச் சண்டைக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை.

ஜூமா, கூகுள் மீட்டா என்று கேட்டிருந்தீர்கள். ஜூமே இருக்கட்டும், இலவசக் கணக்காகவே இருக்கட்டும். நாற்பது நிமிஷத்தில் தானாக நின்றுவிடுமாமே, உங்கள் கூட்டத்தில் தேவசெய்தி கொடுக்கிறவரை அடக்க வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணாச்சி