வேண்டும்போது மட்டும் தெரியும் சப்டைட்டில்: எந்த வீடியோ ஃபார்மட் சரி? கேள்வி பதில்

பார்ப்பவர் விரும்பினால் போட்டுக்கொள்ளவும், வேண்டாமென்றால் அணைத்துவிடவும் முடிகிற சப்டைட்டிலோடு ஒரு வீடியோவை எந்த ஃபார்மட்டில் வைப்பது என்பதே இந்தத் தொடரில் வந்த கேள்விகளின் மையம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், சுருக்கமாகச் சொல்லுங்கள். எம்கேவியா, எம்பி4-ஆ?

வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் மூலப்பிரதி எம்கேவி. போன், டேப்லெட், அடுத்தவர் டிவி என்று வெளியே போகிற பிரதி எம்பி4. இரண்டில் ஒன்றுதான் என்றால் எம்கேவி. ஏனென்றால் எம்கேவியிலிருந்து எம்பி4 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி4-க்குள் போகும்போது சப்டைட்டிலில் சிலது தொலைந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: இரண்டிலும் அதே எச்.264 முறையில் சுருக்கிய வீடியோதானே இருக்கிறது? பிறகென்ன வித்தியாசம்?

எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் பாத்திரங்கள்தாம். உள்ளே வீடியோ ஒரு டிராக், ஒலி ஒரு டிராக், சப்டைட்டில் ஒரு டிராக் என்று தனித்தனியாக இருக்கும். எந்த வகை டிராக்கை ஏற்றுக்கொள்ளும் என்பதில்தான் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுகிறது.

எம்கேவி, அதாவது மட்ரோஸ்கா, 2002-இல் தொடங்கிய திறந்த வடிவம். எஸ்ஆர்டி, ஏஎஸ்எஸ், வெப்விடிடி போன்ற எழுத்து வகைகளோடு, டிவிடியின் வோப்சப், புளூ-ரேயின் பிஜிஎஸ் ஆகிய பட வகைகளையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். எழுத்துருக் கோப்பைக்கூட உள்ளே இணைக்கலாம். எம்பி4-இல் பரவலாக வேலை செய்வது ‘டைம்டு டெக்ஸ்ட்’ என்ற ஒரு எழுத்து வகை மட்டும்தான். எஸ்ஆர்டி அதற்கு மாறும், வசனமும் நேரமும் தப்பிக்கும். ஏஎஸ்எஸ்-இல் இருக்கும் இடம், அசைவு, எழுத்துரு போன்ற அலங்காரங்களில் பெரும்பகுதி போய்விடும். புளூ-ரேயின் பட சப்டைட்டிலுக்கு அங்கே இடமே இல்லை.

ஏவிஐ 1992-இல் வந்தது. சப்டைட்டிலுக்கென்று முறையான ஏற்பாடு அதில் கிடையாது. புதிதாக எதையும் ஏவிஐயில் செய்யாதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் வீடியோவை மாற்றினேன். சப்டைட்டில் வருகிறது, ஆனால் அணைக்கவே முடியவில்லை.

‘பர்ன் இன்’, அதாவது எரித்துப் போடுதல், என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. அப்படிச் செய்தால் எழுத்து படத்தின் புள்ளிகளோடு கலந்துவிடும். பிறகு அது சப்டைட்டில் இல்லை, படம். அழிக்க வழியில்லை, மூலக்கோப்பிலிருந்து மறுபடி செய்ய வேண்டியதுதான். சப்டைட்டில்ஸ் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு டிராக்குக்கும் அந்த டிக்கை எடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிஜிஎஸ் டிராக்கை எம்பி4-இல் கேட்டால் ஹேண்ட்பிரேக்குக்கு எரித்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த இடத்தில் மட்டும் எம்கேவியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று: ஹேண்ட்பிரேக் எப்போதும் வீடியோவை மறுபடி என்கோட் செய்யும், அதாவது புதிதாகச் சுருக்கி எழுதும். சப்டைட்டில் சேர்க்க மட்டும் அது தேவையே இல்லை. நேரமும் வீண், தரமும் ஒரு படி இறங்கும்.

கேள்வி: அப்படியானால் தரம் குறையாமல் சேர்ப்பது எப்படி? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோவையும் எஸ்ஆர்டி கோப்பையும், டிராக்குகளை ஒரே கோப்பாக இணைக்கும் மல்டிபிளெக்சர் பகுதிக்குள் இழுத்துப் போடுங்கள். கீழே டிராக் பட்டியலில் சப்டைட்டில் வரியைச் சொடுக்கினால் அதன் பண்புகள் வலப்பக்கம் வரும். அங்கே நான்கு இடங்களைக் கவனியுங்கள். மொழி: தமிழ். டிராக் பெயர்: பார்ப்பவருக்குப் புரிகிற மாதிரி ஏதாவது. ‘டீஃபால்ட் டிராக்’: நோ. ‘ஃபோர்ஸ்டு டிஸ்ப்ளே’: நோ. பிறகு மல்டிபிளெக்ஸிங்கைத் தொடங்குங்கள். இது வெறும் நகலெடுப்பு என்பதால் வட்டின் வேகத்தைப் பொறுத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வீடியோவில் ஒரு புள்ளிகூட மாறாது.

மூன்றாவதைத்தான் பலர் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். டீஃபால்ட் ‘எஸ்’ என்று இருந்தால் பல பிளேயர்கள் படம் தொடங்கியதுமே சப்டைட்டிலைப் போட்டுவிடும். ‘ஃபோர்ஸ்டு’ என்பது வேறு வேலைக்கு: படத்தின் நடுவே வேற்றுமொழியில் இரண்டு வரி பேசினால், அந்த இரண்டு வரிக்கு மட்டும் கட்டாயமாக வரவேண்டிய டிராக்குக்கான அடையாளம் அது. முழுப் படத்தின் சப்டைட்டிலுக்கு அதைப் போட்டால் சில டிவிகளில் அணைக்கவே முடியாது.

ஏற்கெனவே செய்து முடித்த கோப்பில் இந்த ‘எஸ்’, ‘நோ’ குறிகள் தவறாக இருந்தால் மறுபடி செய்ய வேண்டாம். அதே மென்பொருளின் ஹெடர் எடிட்டரில் திறந்து, மாற்றி, சேமித்தால் சட்டென்று முடிந்துவிடும்.

கேள்வி: எல்லாவற்றையும் ‘நோ’ என்று வைத்த பிறகும் என் பிளேயரில் தானாக வருகிறதே?

பிளேயரின் அமைப்பில் ‘விருப்ப சப்டைட்டில் மொழி’ என்று ஒன்று இருக்கும். அங்கே தமிழ் என்று இருந்தால், கோப்பு என்ன சொன்னாலும் பிளேயர் தமிழ் டிராக்கைத் தேடி எடுக்கும். அது பார்ப்பவரின் உரிமை; கோப்பின் பிழை இல்லை.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் குப்பை எழுத்தாக வருகிறது. ஃபார்மட் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. குப்பையின் முகத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வருகிறதா? கோப்பு நல்ல யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் என்கோடிங்), பிளேயர்தான் வேறு என்கோடிங் என்று நினைத்துப் படிக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், அதனால்தான் அந்த ‘ஏ’ விடாமல் வருகிறது. எம்கேவிடூல்நிக்ஸில் சேர்க்கும்போது எழுத்துத் தொகுதி என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று குறித்துவிட்டால் தீர்ந்தது.

ஆங்கில எழுத்துகளோடு அரைப்புள்ளி நிறைய கலந்து வருகிறதா? அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அங்கே மெய்ப்புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் வசனங்களை மட்டும் கொடுத்து மாற்றுங்கள். முழுக் கோப்பையும் கொடுத்தால் நேர வரிகளும் சிதைந்துவிடும் ஆபத்து உண்டு.

வெறும் கேள்விக்குறிகளா? யாரோ நோட்பேடில் ஆன்சி என்ற பழைய என்கோடிங்கில் சேமித்துவிட்டார்கள். எழுத்து போனது போனதுதான், வேறு பிரதி தேடுங்கள்.

கேள்வி: எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது.

‘கொ’ என்ற எழுத்து கோப்பில் ‘க’ முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது பிளேயரின் வேலை. அந்தத் திறமை இல்லாத டிவிகளில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் தொங்கும்; தமிழ் எழுத்துருவே இல்லாத டிவிகளில் வெறும் கட்டங்கள் வரும். கணினியில் விஎல்சி பிளேயரின் இப்போதைய பதிப்பும் எம்பிவி பிளேயரும் சரியாகக் காட்டும். டிவி மட்டும் மறுத்தால், அதில் விஎல்சி செயலியை நிறுவ முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த ஒரு டிவிக்காக மட்டும் எரித்துப் போட்ட தனிப் பிரதி ஒன்று செய்யலாம். எரிப்பதை நான் ஒத்துக்கொள்கிற ஒரே இடம் இதுதான். மூலப்பிரதியை அப்போதும் தொடாதீர்கள்.

கேள்வி: ஐபோனுக்கும் ஐபேடுக்கும் என்ன செய்வது?

ஆப்பிளின் சொந்த பிளேயர்கள் எம்கேவியைத் திறக்காது. விஎல்சி செயலி இருந்தால் திறக்கும். செயலி எதுவும் நிறுவாதவருக்கு அனுப்புவதென்றால் எம்பி4 செய்யுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் வீடியோவுக்கும் ஒலிக்கும் ‘காப்பி’ என்றும், சப்டைட்டிலுக்கு ‘மூவ் டெக்ஸ்ட்’ (mov_text) என்றும் கோடெக்கைக் குறிக்க வேண்டும். இங்கே வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. எந்தெந்த டிராக் வேண்டும் என்று ‘மேப்’ மூலம் சொல்லாவிட்டால் அது வகைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும்; மூன்று மொழி சப்டைட்டிலில் இரண்டு காணாமல் போகும். இரண்டாவது, வீடியோ எச்.265 என்றால் அதன் அடையாளச் சொல்லை ‘எச்விசி1’ என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு பழுதில்லாமல் இருந்தும் ஆப்பிள் கருவியில் ஓடாது.

கேள்வி: என் இணையதளத்தில் வீடியோ போடுகிறேன். எம்பி4-க்குள் சப்டைட்டில் இருந்தும் குரோமில் அந்தப் பட்டனே வரவில்லை.

வராது. வலைப்பக்கத்தில் சப்டைட்டிலைத் தனி வெப்விடிடி கோப்பாக வைத்து, வீடியோ குறிச்சொல்லுக்குள் ‘டிராக்’ குறிச்சொல் மூலம் இணைப்பதுதான் முறை. உங்கள் எஸ்ஆர்டியில் ஒரு வசனம் இப்படி இருக்கும்:

12
00:04:31,250 --> 00:04:33,900
கதவைச் சாத்திவிட்டு வா.

வெப்விடிடியில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே காற்புள்ளி கூடாது, முற்றுப்புள்ளி வேண்டும்: 00:04:31.250. கோப்பின் முதல் வரியில் ‘வெப்விடிடி’ என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், அடுத்து ஒரு வெற்று வரி. இவற்றில் எதைத் தவறவிட்டாலும் வசனம் திரைக்கு வராது. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் திறந்து வெப்விடிடியாகச் சேமித்தால் இவை தானாக நடந்துவிடும்.

கேள்வி: தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக வசனம் முந்திக்கொள்கிறது.

வீடியோ விநாடிக்கு 23.976 ஃபிரேம், சப்டைட்டில் 25 ஃபிரேம் பிரதிக்காக எழுதியது. 100 நிமிடப் படத்தின் முடிவில் ஏறக்குறைய 4 நிமிடம் முந்திவிடும். விஎல்சியில் ஜி, எச் விசைகளை அழுத்தி 50 மில்லிவிநாடியாக நகர்த்துவது இதற்கு உதவாது. அது படம் முழுக்க ஒரே அளவு விலகல் இருந்தால் மட்டும். இங்கே நேரத்தை இழுத்து நீட்ட வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸில் டிராக் பண்புகளில் தாமதத்துக்குப் பக்கத்தில் நீட்டிப்பு என்ற கட்டம் உண்டு. அதில் 25025/24000 என்று போடுங்கள். வசனம் பிந்திக்கொண்டே போனால் அதையே தலைகீழாக, 24000/25025.

கேள்வி: சப்டைட்டிலை உள்ளே சேர்க்காமல் பக்கத்தில் தனிக் கோப்பாக வைத்தால் போதாதா?

போதும், பிழை திருத்தவும் அதுதான் வசதி. வீடியோவின் பெயரும் எஸ்ஆர்டியின் பெயரும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருந்து, ஒரே ஃபோல்டரில் இருந்தால் பெரும்பாலான பிளேயர்கள் தானாக எடுத்துக்கொள்ளும். கோப்பை இடம் மாற்றும்போது ஒன்று மட்டும் போய்ச் சேர்வதுதான் இதில் வரும் சிக்கல். பென்டிரைவில் கொடுப்பதற்கு முன் உள்ளே சேர்த்துவிடுங்கள். பழைய டிவிகளில் சில, உள்ளே இருக்கும் டிராக்கைக் கண்டுகொள்ளாமல் பக்கத்துக் கோப்பை மட்டும் காட்டும். அங்கே இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி: புளூ-ரேயிலிருந்து எடுத்த சப்டைட்டிலில் எழுத்தின் அளவை மாற்ற முடியவில்லை.

அது எழுத்தே இல்லை, ஒவ்வொரு வசனமும் ஒரு படம். சப்டைட்டில் எடிட்டில் ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் வசதி, மூலம் எழுத்தாக்கலாம். ஆங்கிலத்துக்கு ஓரளவு நன்றாக வரும். தமிழுக்கு ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக உட்காருங்கள். திருத்தி முடித்த எஸ்ஆர்டியைச் சேர்த்தாலும் பழைய பிஜிஎஸ் டிராக்கை எம்கேவியிலிருந்து நீக்காதீர்கள். சந்தேகம் வரும் வரியை ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் மூலம்.