நைட்ல நான் ஒருத்திதான்

கேள்வி: அக்கா, தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். நைட்ல 22 பேஷன்ட்டுக்கு நான் ஒருத்திதான், ஆள் கேட்டா 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா'ன்றாங்க, ட்ரிப் மாத்த லேட்டானா மட்டும் மெமோ வருது. என்ன செய்ய? - வாசகி, மதுரை

பதில்: படிக்கவே வயிறு எரியுதும்மா. கலிஃபோர்னியாவுல 1999ல சட்டம் போட்டு, 2004ல இருந்து ஒரு நர்ஸுக்கு இத்தனை பேஷன்ட்தான்னு வச்சிருக்காங்க, ஐசியூல 2 பேர், ஜெனரல் வார்டுல இப்ப 5 பேர். நம்ம ஊர்ல அரசு நர்ஸுங்களே 2015ல மாசம் 7,700 ரூபாய்க்கு சேர்ந்து, 2017ல சென்னையில மருத்துவத் துறை தலைமை ஆபீஸ் இருக்குற டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராட வேண்டியதாச்சு. நீ ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேஷன்ட், எத்தனை ஆள்னு தேதி போட்டு எழுதிக் குடுத்து காப்பில கையெழுத்து வாங்கி வை, மெமோவுக்கும் எழுத்துலயே பதில் குடு, தனியா போகாம கூட வேலை பாக்குற நாலு பேரா சேர்ந்து போங்க.