எலும்பு மஜ்ஜை நோயை ஊசி குத்தாமல் ஸ்கேனிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

பாதி முடியும், மீதிக்கு ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மஜ்ஜையில் இரண்டு வகை: இரத்த அணுக்களை உருவாக்கும் சிவப்பு, கொழுப்பு நிறைந்த மஞ்சள். பிறக்கும்போது ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. 25 வயது வாக்கில் கை கால்களில் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும். முதுகெலும்பு, இடுப்பு போன்ற இடங்களில்தான் சிவப்பு தங்கும். அதிலும் சுமார் 40 சதவீதம் கொழுப்பு உண்டு. டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும் என்பதால், பெரியவர்களின் முள்ளெலும்பு பக்கத்து டிஸ்க்கைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். நோய் அணுக்கள் புகுந்து கொழுப்பை வெளியே தள்ளினால் எலும்பு டிஸ்க்கைவிடக் கறுத்துவிடும். சாதாரண முதுகுவலி ஸ்கேனிலும் இதை நான் பார்க்காமல் விடுவதில்லை.

கறுத்ததெல்லாம் புற்றுநோய் அல்ல. இரத்தசோகை, புகைப்பழக்கம், உடல் பருமன் இருந்தாலும் சிவப்பு மஜ்ஜை கூடும். அப்போது கொழுப்பும் நீரும் கலந்திருக்கிறதா என்று காட்டும் இன்னொரு ஜோடிப் படம் எடுப்போம். இரண்டுக்கும் இடையே சிக்னல் (படத்தின் வெளுப்பு) 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கொழுப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் கவலையில்லை.

ஸ்கேன் உண்மையிலேயே கைகொடுப்பது மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயில். அது திட்டுத்திட்டாகப் பரவும் நோய். ஊசியோ இடுப்பெலும்பில் ஒரே இடத்தைத்தான் தொடும். எலும்பின் தாதுவில் 30 சதவீதமாவது கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். முழு உடல் எம்ஆர்ஐ அதற்கு வெகுமுன்பே காட்டிவிடும். மைலோமாவுக்கு முந்தைய, அறிகுறியில்லாத நிலையில் இருப்பவருக்கு 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள திட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அதை மைலோமாவாகவே கருத வேண்டும் என்று 2014-இல் சர்வதேச அளவுகோலே மாறியது.

சிகிச்சைக்குப் பிறகு எந்தத் திட்டில் நோய் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க பெட் ஸ்கேன் நல்லது; உடலில் செலுத்தும் சர்க்கரை போன்ற மருந்தை அதிகம் உறிஞ்சும் இடங்கள் அதில் ஒளிரும். வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போட்டிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மஜ்ஜை முழுவதும் ஒளிர்ந்து படம் குழப்பிவிடும்.

சரி, ஊசி எதற்கு? இரத்தப் புற்றுநோய் எந்த வகை, குரோமோசோமில் என்ன மாற்றம், எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் அணுக்களைப் பார்த்தால்தான் தெரியும். ஆரம்பநிலை நோயில் ஸ்கேன் நார்மலாகவே வரலாம். அதனால் மருத்துவர் ஊசி குத்தி மஜ்ஜை எடுக்கும் பயாப்சி கேட்டால் ஸ்கேனைக் காட்டி மறுக்காதீர்கள். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் எடுப்பார்கள். ரொம்பப் பயமாக இருந்தால் லேசான மயக்கம் தர முடியுமா என்றும் கேட்கலாம்.