வாசகர் கேள்விகள்: பந்தயக் கடனில் தொடங்கிய குடும்பம்

கேள்வி: ‘ஃபாக்ஸ் இந்திய மசோதா, 1783’ என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். யார் சார் அந்த ஃபாக்ஸ்?
– தேர்வுக்குப் படிக்கும் வாசகி

பதில்: நானும் அந்த ஒரு வரியை எழுதி மார்க் வாங்கியவன்தான். அப்புறம் படித்துப் பார்த்தால், மசோதாவைவிட அவருடைய குடும்பக் கதை பெரிதாக இருக்கிறது.

சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் ஒரு பிரிட்டிஷ் அரசியல்வாதி; 1749-இல் லண்டனில் பிறந்தார். அம்மா வழித் தாத்தா ரிச்மண்ட் கோமகன், இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு ஆசைநாயகியிடம் பிறந்த மகனின் மகன். இந்தத் தாத்தாவின் கல்யாணமே ஒரு சூதாட்ட பாக்கி. இரு தரப்பு அப்பாக்களுக்கும் இடையே இருந்த கடனைத் தீர்க்க, 1719-இல் 18 வயதுப் பையனையும் 13 வயதுச் சிறுமியையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை கையோடு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பிவிட்டார். மூன்று வருடம் கழித்துத் திரும்பியவர் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நாடகக் கொட்டகைக்குப் போய், “யார் அந்த அழகி?” என்று விசாரித்தாராம். “உங்கள் மனைவிதான்!” என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள்.

இப்படி வாழ்ந்தவர்கள், மூத்த மகள் கரோலின் தன்னைவிட 18 வயது பெரிய ஹென்றி ஃபாக்ஸை 1744-இல் ரகசியமாக மணந்தபோது நான்கு வருடம் முகம் கொடுக்கவில்லை. அந்த ஹென்றிதான் நம் ஆளின் அப்பா. படைகளுக்குச் சம்பளப் பட்டுவாடா செய்யும் பதவியில் எட்டு வருடம் இருந்தார். கணக்கு முடிக்கும்வரை அரசாங்கப் பணம் அவர் கையில் கிடக்கும்; அதை வட்டிக்கு விட்டு லாபம் எடுத்துக்கொள்வதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. பெரும் பணக்காரரானார். அந்தப் பணத்துக்குச் செலவாளியையும் அவரே வளர்த்தார்.

தோட்டச் சுவரை இடிக்கும்போது பார்க்கலாம் என்று பையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். அவன் இல்லாதபோது இடித்துவிட்டார்கள். அதனால் மறுபடி கட்டி, அவன் எதிரில் இன்னொரு தடவை இடித்தார்களாம்! சுவர் போனால் போகட்டும். 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போய், கைநிறையக் காசு கொடுத்து, சூதாட்ட மேசையில் உட்கார வைத்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

21 வயது ஆகாமல் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது என்பது சட்டம். பையன் 19 வயதிலேயே மிட்ஹர்ஸ்ட் தொகுதியின் உறுப்பினர். பகலில் சபையில் பேச்சு, இரவெல்லாம் சீட்டு. அண்ணன் ஸ்டீபன் நோயாளி, அவருக்கு ஆண் வாரிசும் இல்லை. எப்படியும் சொத்து தம்பிக்குத்தான் என்று நம்பி வட்டிக்காரர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 1773 கடைசியில் ஸ்டீபனுக்கு மகன் பிறந்தான். கடன் கொடுத்தவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. லட்சம் பவுண்டுக்கும் மேலான கடனை அப்பா அடைத்தார். மறு வருடம், 1774 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் சில வார இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். வருடம் முடிவதற்குள் ஸ்டீபனும் போய்விட்டார்.

சரி, உங்கள் மசோதா. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடுங்கி, நாடாளுமன்றம் நியமிக்கும் ஏழு ஆணையர்களிடம் கொடுப்பது அதன் சாரம். பதவிகளை எல்லாம் தன் ஆட்களுக்கே பங்கு போடப் பார்க்கிறார் என்று எதிரிகள் கூச்சல் போட்டார்கள். தலைப்பாகை கட்டி யானை மேல் கம்பெனி வாசலுக்கு வருவதுபோல் கேலிச்சித்திரம் வந்தது. யானைக்கு, ஃபாக்ஸோடு சேர்ந்து கூட்டணி மந்திரிசபை நடத்திய நார்த் பிரபுவின் முகம்! மக்கள் சபையில் மசோதா நிறைவேறியது. ஆனால் ஆதரித்து ஓட்டுப் போடுகிறவர் என் எதிரி என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சொல்லி அனுப்ப, பிரபுக்கள் சபையில் விழுந்தது. மந்திரிசபையும் போனது. ஃபாக்ஸின் அரசியல் எதிரியான 24 வயது வில்லியம் பிட் பிரதமரானார். இந்த மன்னர்தான் இளவயதில் ஃபாக்ஸின் சித்தி சாராவிடம் மனதைப் பறிகொடுத்தவர். கம்பெனிக்குக் கடிவாளம் போடப் பார்த்தவர் ஃபாக்ஸ். 1843-இல் சிந்துவைப் பிடித்துக் கம்பெனியோடு சேர்த்த சார்லஸ் நேப்பியர் அதே சாராவின் மகன்.

கேள்வி: அவருக்குக் கல்யாணம் ஆனதா?
– அதே வாசகி

பதில்: ஆனது, ஊருக்குத் தெரியாமல். எலிசபெத் ஆர்மிஸ்டெட் பல பிரபுக்களின், இளவரசரின்கூட, ஆசைநாயகியாக இருந்தவர். 1795-இல் அவரை மணந்த ஃபாக்ஸ், 1802-இல் பாரிஸ் பயணத்தின்போதுதான் வெளியே சொன்னார். அத்தனை வருடமும் “கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறார்கள்” என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செர்ட்சி பக்கத்தில் செயின்ட் ஆன்ஸ் ஹில் வீடு. தோட்ட வேலை, கிரேக்கக் கவிதை. அந்தம்மாவுடன் இருந்த காலத்தில் சூதாட்டம் ஓய்ந்தது. மிச்சக் கடனை நண்பர்கள் 1793-இல் பணம் திரட்டி அடைத்திருந்தார்கள்.

1806 ஜூனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் தீர்மானத்தைச் சபையில் நிறைவேற்றினார். செப்டம்பரில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், ஜென்மப் பகைவர் பிட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். எலிசபெத் அதற்கப்புறம் 36 வருடம் இருந்தார்.