சொந்த சர்வர் – கடிதம்

வணக்கம்,

நான் இருக்கும் மாஸ்டடான் (பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளம்) சர்வரை மூடப்போவதாக அதன் நிர்வாகி அறிவித்துவிட்டார். சொந்தமாக ஒன்று வைத்து, நண்பர்கள் இருபது பேரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். லினக்ஸ் ஓரளவு தெரியும். செய்யலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாறுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்களைப் புதிய கணக்குக்கு அனுப்பிவைப்பது அந்தப் பழைய சர்வர்தான். அது நின்றுபோனால் அவர்களைக் கூட்டிவர வழி இல்லை. பதிவுகள் எப்படியும் கூடவே வராது; இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொந்த சர்வர். தாராளமாக வையுங்கள். ஆனால் பேக்கப்பிலிருந்து ஒருமுறை முழுதாக மீட்டுப் பார்க்கும்வரை யாரையும் சேர்க்காதீர்கள்.

நிறுவுவது பெரிய வேலை இல்லை, அப்புறம்தான் வேலையே. நீங்கள் பின்தொடர்பவர்கள் போடும் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் உங்கள் சர்வரில் ஒரு நகல் சேரும். கவனிக்காமல் விட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். அப்போது டேட்டாபேஸ் எழுத இடமின்றி நிற்கும், அதோடு எல்லாமே நிற்கும். இத்தனை நாளுக்கு மேற்பட்ட நகல்களை அழித்துவிடு என்று சொல்ல நிர்வாகப் பக்கத்திலேயே இடம் உண்டு. முதல் நாளே ஏழு என்று போட்டுவிடுங்கள்.

டொமைனை, அதாவது சர்வரின் இணைய முகவரியை, நன்றாக யோசித்து வாங்குங்கள். தொடங்கிய பிறகு அதை மாற்ற முடியாது. அழகாக இருக்கிறதே என்று வேறொரு நாட்டின் பின்னொட்டை (முகவரியின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவது) எடுத்தால், அந்த நாடு நினைத்தால் உங்கள் பெயர் போய்விடும். 2024-இல் ஆப்கானிஸ்தானின் பின்னொட்டில் இருந்த ஒரு மாஸ்டடான் சர்வருக்கு அப்படித்தான் ஆனது.

பேக்கப்பை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரகசியச் சாவி டேட்டாபேஸில் இருக்கிறது. அதை வைத்து உங்கள் சர்வர் கையொப்பமிடும்; வந்த பதிவு உங்களுடையதுதான் என்று மற்ற சர்வர்கள் அதன் ஜோடியான பொதுச் சாவியை வைத்து உறுதிசெய்கின்றன. டேட்டாபேஸ் தொலைந்து, அதே டொமைனில் புதிதாகத் தொடங்கினால், பழைய பொதுச் சாவியை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் உங்களை ஏற்காமல் போகலாம். இருபது பேரின் தொடர்புகள் அதோடு அறுந்துவிடும். அதனால் தினமும் டேட்டாபேஸையும் அமைப்புக் கோப்பையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். வேறொரு கணினியில் அதை எழுப்பியும் பாருங்கள்.

தனியாளுக்கு கோடூசோஷியல் என்ற, மாஸ்டடானோடு பேசக்கூடிய வேறொரு சர்வர் மென்பொருள் எளிது, சின்ன கணினியே போதும். ஆனால் பிறகு அதே டொமைனில் மாஸ்டடானுக்கு மாறுவது பெரும்பாடு. நண்பர்களைச் சேர்க்கும் எண்ணம் இருப்பதால் மாஸ்டடானிலேயே தொடங்குங்கள்.

நண்பர்கள் வரும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தனிச்செய்திகளுக்கு முழு மறையாக்கம் கிடையாது. நிர்வாகி நினைத்தால் டேட்டாபேஸில் படிக்க முடியும். மாஸ்டடானின் அதிகாரபூர்வ சர்வர் பட்டியலில் இடம்பெறத் தரவேண்டிய வாக்குறுதிகளில் மூன்று இவை: தினசரி பேக்கப், அவசரத்துக்கு உள்ளே நுழைய இன்னொருவர், மூடுவதென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு. நீங்கள் பட்டியலில் சேராவிட்டாலும் மூன்றையும் கடைப்பிடியுங்கள். அந்த இன்னொருவர் யார் என்பதை இப்போதே அவரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள்.