செல்போனுக்குச் சேதி சொல்லும் பேண்டேஜ்: சர்க்கரைப் பாதப்புண் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. வலது கால் கட்டைவிரலின் அடிப்பகுதியில் இரண்டு மாதமாகப் புண். புண்ணின் நிலவரத்தைச் செல்போனுக்கு அனுப்பும் ‘ஸ்மார்ட் பேண்டேஜ்’ வந்துவிட்டதாக வீடியோவில் பார்த்தேன். எங்கே கிடைக்கும்? விலை அதிகமானாலும் பரவாயில்லை.
– வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2023-ல் காகிதம் போன்ற பட்டை ஒன்றைச் செய்தார்கள். பேட்டரி கிடையாது. பூவிதழ் மாதிரி ஐந்து பிரிவுகள். வெப்பம், ஈரம், அமில-காரத் தன்மை, யூரிக் அமிலம், டிரைமெத்திலமைன் என்னும் வேதிப்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இதழ் நிறம் மாறும். அதைச் செல்போனில் படம் எடுத்தால் மென்பொருள் படித்துச் சொல்லும். ஸ்டான்ஃபோர்டில் 2022-ல் வந்த கட்டு, புண்ணை அளப்பதோடு மெல்லிய மின்சாரமும் பாய்ச்சுகிறது. அது எலிகளிடம் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் செய்த கட்டு நுண்குழாய்கள் வழியே புண்ணில் புதிதாக ஊறும் நீரை மட்டும் இழுத்துப் பரிசோதிக்கிறது. அதை 20 நோயாளிகளிடம் சோதித்து 2025-ல் வெளியிட்டார்கள்.

அமில-காரத் தன்மையை ஏன் பார்க்கிறார்கள்? நல்ல தோலின் பி.எச். அளவு 4 முதல் 6 வரை இருக்கும். ஆறாத புண்ணில் அது பெரும்பாலும் 7-ஐத் தாண்டி நிற்கும், ஆற ஆற இறங்கும். கட்டைப் பிரிக்காமலே இது தெரிந்துவிட்டால், அடிக்கடி பிரித்துப் புதுச்சதையைப் பிய்க்கும் வேலை குறையும். இந்த ஆராய்ச்சியில் எங்களுக்கு நம்பிக்கை இருப்பது இதனால்தான்.

ஆனாலும் உங்கள் பணத்தை முதலில் வேறு இடத்தில் செலவழியுங்கள். அப்பாவின் கால் மரத்துப் போயிருக்கும். நடக்கும் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் ஒரு ரூபாய் நாணய அகலமுள்ள அதே இடத்தில் இறங்குகிறது. எந்த சென்சாரும் அந்தப் பாரத்தைத் தாங்காது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கால்களில் கண்டதும் இதுதான்: வலி தெரியாமல் நடப்பதே புண்ணை ஆறவிடாமல் வைக்கிறது. பாதம் முழுக்க ஒட்டிப் படியும்படி முழங்காலுக்குக் கீழ்வரை போடும் மாவுக்கட்டு, பாரத்தை உள்ளங்கால் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பிரித்துவிடும். ‘டோட்டல் காண்டாக்ட் காஸ்ட்’ என்று கேளுங்கள். போடுவதற்கு முன் காலில் ரத்த ஓட்டம் போதுமானதா, சீழ் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். கழற்றக்கூடிய பூட்ஸும் உண்டு. ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது ‘நாலு அடிதானே’ என்று அதைக் கழற்றிவிடுவார்கள். புண் ஆறாமல் இழுப்பதற்கு அந்த நாலு அடியே போதும்.

கேள்வி: அம்மாவுக்கு வீட்டிலேயே கட்டு மாற்றுகிறேன். பெராக்சைடு ஊற்றி நுரை அடங்கியதும் துடைக்கிறேன். காபித்தூளும் மஞ்சளும் வைக்கச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மூன்றும் வேண்டாம். நுரைத்து வருவது அழுக்கு மட்டுமல்ல, பெராக்சைடு புதிதாக முளைக்கும் செல்களையும் சேர்த்தே அழிக்கிறது. தூள்கள் கெட்டியாகப் படிந்து, அடியில் சீழ் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். காபித்தூள் ஃபில்டரிலேயே இருக்கட்டும்.

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய காஜ் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) ஊற்றி ஐந்து நிமிஷம் ஊறவிட்டால் தானாக விடும். புண்ணைச் சலைனால் கழுவுங்கள். 100 மில்லி பாட்டில் வாங்கினால் ஒரு தடவைக்குச் சரியாக இருக்கும், மிச்சத்தைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை. சுற்றுத்தோலை, முக்கியமாக விரலிடுக்கை, ஒற்றி எடுங்கள். நீர் அதிகம் கசிந்தால் ஃபோம் (நுரைப்பஞ்சு) டிரெஸ்ஸிங், குறைவாக இருந்தால் சலைனில் நனைத்துப் பிழிந்த காஜ். பிழியாமல் வைத்தால் சுற்றுத்தோல் ஊறி வெளுத்துப் புண் அகலும். பிளாஸ்டரை விரலைச் சுற்றி வளையமாக ஒட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஓரத்துக் காய்ப்பையும் செத்த சதையையும் நீங்கள் பிளேடால் சீவக் கூடாது. அது டாக்டர் வேலை.

கட்டின்மேல் கசிவுக் கறை தெரிந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு நேரத்தை எழுதி வையுங்கள். மறுபடி பார்க்கும்போது கறை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று தெரியும். வாரம் ஒருமுறை புண் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். நீளம் 3 செ.மீ., அகலம் 2 செ.மீ. என்றால் பெருக்கினால் 6. நாலு வாரத்தில் இது 3-க்காவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அதே கட்டைத் தொடராதீர்கள். பாரம், ரத்த ஓட்டம், எலும்பில் கிருமி ஆகிய மூன்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி சும்மா கிடக்கிறது. அதைப் பாதத்துக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: தாராளமாக. முதலில் அதை ‘பொருள் வெப்பம்’ காட்டும் முறைக்கு மாற்றுங்கள். நெற்றிக்கான முறையில் வைத்தால் குளிர்ந்த பாதத்தில் அளவே காட்டாது. காலையில் செருப்பும் சாக்ஸும் இல்லாமல், கால்மேல் கால் போடாமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். கால் கழுவின கையோடு அளக்காதீர்கள். கட்டைவிரல், அதன் அடி, நடுவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, நடுப்பாதம், குதிகால் என்று ஆறு இடம். இரண்டு காலிலும் ஒரே தூரத்தில் பிடித்து நோட்டில் எழுதுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு காலுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம், அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். தோல் உடைவதற்கு முன்பே அந்த இடம் சூடேறிவிடும். பாதம் முழுக்கச் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தும் வலி இல்லையென்றால் அன்றைக்கே போங்கள், எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். ஏற்கெனவே கட்டுப் போட்ட காலில் இந்த ஒப்பீடு பலிக்காது.

கேள்வி: குறுவை நடவு நடக்கிறது. கட்டின்மேல் பாலிதீன் பை சுற்றிக்கொண்டு வயலில் இறங்கலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: இறங்காதீர்கள். சேறு பைக்குள் மேல்வழியாக வரும். வராவிட்டாலும் உள்ளே வேர்த்துத் தோல் ஊறிவிடும். வரப்பில் நின்று மேற்பார்வை பார்ப்பதும் நிற்பதுதான். நாற்காலி போட்டு உட்காருங்கள். நாற்றம், சுற்றிலும் சிவப்பு, காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, விரல் கறுப்பது, இதில் எதைக் கண்டாலும் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் இல்லாமலே கிருமி எலும்புவரை போய்விடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறிய பிறகும் ஒரு வருஷத்துக்குள் பத்தில் நாலு பேருக்குத் திரும்ப வருகிறது. அதனால் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்னும் மெத்தென்ற ரப்பர்) செருப்பு வாங்குங்கள், பின்பக்கம் வார் இருக்க வேண்டும், கட்டைவிரலிடுக்கில் வார் இருக்கக் கூடாது. போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கருவேல முள் செருப்பைத் துளைத்து நின்றால் உங்கள் காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.