உதவித்தொகையைக் கூட்டிக் கேட்கலாமா?

கேள்வி: மகளுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இடமும் உதவித்தொகையும் கிடைத்திருக்கின்றன. தொகை போதவில்லை. கூட்டிக் கேட்டால் இடம் பறிபோய்விடுமா?

பதில்: பணிவாகக் கேட்டதற்காக இடத்தைப் பறிப்பது வழக்கமில்லை, தயங்காமல் கேளுங்கள். பல கல்லூரிகளுக்கு மே 1-தான் முடிவு சொல்லும் கடைசி நாள். ஏப்ரல் தொடக்கத்திலேயே கடிதம் போய்விட வேண்டும். கடைசி வாரத்தில் நிதி தீர்ந்திருக்கலாம்.

முதலில் கணக்கு. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் கூட்டி, திருப்பித் தரவேண்டாத தொகையை மட்டும் கழியுங்கள். கடனைக் கழித்துவிட்டு ஏமாறுபவர்கள் நிறையப் பேர். 60,000 டாலர் செலவில் 25,000 தரும் கல்லூரியைவிட, 48,000-இல் 18,000 தரும் கல்லூரி உங்களுக்கு 5,000 மிச்சம்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். வருமானம் குறைந்தது, மருத்துவச் செலவு என்றால் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி, வேலை போன கடிதம், ரசீதுகளை இணையுங்கள். இன்னொரு கல்லூரி அதிகம் தருகிறது என்றால் அந்தக் கல்லூரி அனுப்பிய கடிதத்தின் நகலை வையுங்கள். ஹார்வர்டு, யேல் போன்றவை மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை; அங்கே குடும்ப நிதிநிலைதான் பேசும்.

ஒரு பக்கம் போதும். மகளே எழுதுவது நல்லது. "இன்னும் கொஞ்சம்" என்று எழுதாமல், "ஆண்டுக்கு 5,000 டாலர் குறைகிறது, அது கிடைத்தால் இங்கேயே சேர்வேன்" என்று எழுதட்டும். கூட்டிக் கொடுத்தால், நான்கு ஆண்டுக்கும் உண்டா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.